3,219 ஒரு லட்சமானபோது யார் மனம் மாறியது?

கேள்வி:

புவனகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியன் நான். என் மகள் குடும்பத்தோடு டெக்சாஸில் இருக்கிறாள். அமெரிக்கக் குடியுரிமை பெற்று, 2024 நவம்பரில் அங்கே முதன்முறையாக ஓட்டுப் போட்டாள். அதிலிருந்து வீடியோ காலில் வந்தாலே அரசியல் பேச்சுதான். “இங்க வரி, குடியேற்றம், கருக்கலைப்பு, துப்பாக்கின்னு ஒவ்வொண்ணுலயும் எந்தக் கட்சி என்ன சொல்லுதுன்னு பார்த்து ஓட்டுப் போடறோம்ப்பா. நம்ம ஊர்ல யாரு என்ன ஆளுங்கன்னு பார்த்துத்தானே போடறாங்க?” என்கிறாள். மறுத்துப் பேசத்தான் ஆசை. ஆனால் எங்கள் பக்கத்தில் வேட்பாளர் பட்டியல் வந்த அன்றே டீக்கடையில் ஊர் ஊராக, தெருத் தெருவாகக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்ப்பதுமில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 2019-ல் சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியில் தொல்.திருமாவளவன் 3,219 ஓட்டில் ஜெயித்தார். 2024-ல் வித்தியாசம் 1,03,554. ஐந்தே வருஷத்தில் இத்தனை பேர் மனம் மாறினார்களா? அப்படி மாறுகிற மக்களுக்கு அரசியல் நம்பிக்கை என்று ஒன்று உண்டா?

— வாசகர், புவனகிரி

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மகளுக்குச் சொல்ல வேண்டிய பதிலின் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

2019-ல் திருமாவளவன் வாங்கியது 5,00,229 வாக்குகள். எதிர்த்து நின்ற அதிமுகவின் சந்திரசேகர் வாங்கியது 4,97,010. எண்ணிக்கை நள்ளிரவைத் தாண்டி இழுத்தது நினைவிருக்கும். 2024-ல் திருமாவளவனுக்கு விழுந்தது 5,05,084. ஐந்தாண்டில் அவருக்குக் கூடியவை வெறும் 4,855 வாக்குகள். ஐந்து லட்சத்தில் இது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் வெற்றி வித்தியாசம் முப்பது மடங்குக்கு மேல் ஏறியது. காரணம் எதிர்த் தரப்பில் இருக்கிறது. 2019-ல் அதிமுக, பாமக, பாஜக, தேமுதிக எல்லாம் ஒரே அணி. 2024-ல் பாமகவும் பாஜகவும் தனியே போயின. அதிமுகவின் சந்திரகாசனுக்கு 4,01,530, பாஜகவின் கார்த்தியாயினிக்கு 1,68,493. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 5,70,023 வரும். வென்றவர் வாங்கியதைவிட ஏறக்குறைய 65,000 அதிகம்.

இப்படிக் கூட்டுவதில் ஒரு பிழை உண்டு. இரு கட்சிகளும் சேர்ந்தே நின்றிருந்தால் அதிமுகவுக்குப் போட்ட சிறுபான்மையினர் சிலர் விலகியிருப்பார்கள். பாஜகவுக்குப் போட்டவர்கள் அத்தனை பேரும் இரட்டை இலைக்குப் போட்டிருப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆகவே ‘சேர்ந்திருந்தால் அதிமுக வென்றிருக்கும்’ என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அடித்துச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஒரு லட்சம் பேர் மனம் மாறவில்லை. மனம் மாறியவர்கள் கூட்டணி பேசிய சில தலைவர்கள். மக்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவர்கள் முன்னால் வைக்கப்பட்ட தேர்வுப் பட்டியல்தான் மாறியது.

மக்கள் உண்மையாகவே நகர்ந்த வருடமும் இதே தொகுதியில் உண்டு. 2009-ல் 4,28,804 வாக்குகளோடு வென்ற அதே திருமாவளவன், 2014-ல் 3,01,041 வாக்குகளோடு தோற்றார். வென்ற அதிமுகவின் சந்திரகாசி அவரைவிட 1,28,495 வாக்குகள் கூடுதலாக வாங்கினார். அந்த வருடம் ஜெயலலிதா தனித்தே நின்று மாநிலத்தின் 39 தொகுதிகளில் 37-ஐ அள்ளினார். திருமாவளவன் இருந்த திமுக அணியில் காங்கிரஸ் இல்லை. 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்ட பிறகு வட மாவட்டங்கள் முழுக்கச் சாதிக் கசப்பு ஏறியிருந்தது. இது மனமாற்றம். 2019-க்கும் 2024-க்கும் நடுவில் நடந்தது கணக்கு மாற்றம். தேர்தல் முடிந்த மறுநாள் இரண்டையும் ‘அலை’ என்று ஒரே பெயரில் எழுதுவது நம் பத்திரிகைகளின் பழக்கம். அதைப் படித்துவிட்டுத்தான் மக்களுக்கு நிலையான புத்தி இல்லை என்ற முடிவுக்கு நாம் வருகிறோம்.

இப்போது மகளின் வாதம். அவர் தன்னளவில் கொள்கை பார்த்துத்தான் வாக்களித்திருப்பார், சந்தேகிக்க எனக்குக் காரணமில்லை. ஆனால் அமெரிக்க வாக்காளரை எண்பது வருடங்களுக்கு மேலாக ஆராய்ந்துவரும் அமெரிக்க அறிஞர்கள் சொல்வது வேறு. 1940-ல் ரூஸ்வெல்ட்டும் வில்கீயும் மோதிய தேர்தலின்போது, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் லாசர்ஸ்ஃபெல்ட் தன் குழுவினரோடு ஒஹாயோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் இறங்கினார். ஏறத்தாழ 600 பேரைத் தேர்ந்தெடுத்து, மே மாதம் தொடங்கி நவம்பர்வரை திரும்பத் திரும்பச் சந்தித்துக் கேட்டார்கள். பிரச்சாரம் ஒரு மனிதரின் முடிவை எப்படி மாற்றுகிறது என்று கண்டுபிடிப்பதே நோக்கம். மாறியவர்கள் சொற்பம் என்பதுதான் அவர்கள் கண்டது. ஒருவர் கத்தோலிக்கரா புராட்டஸ்டன்டா, வசதியானவரா ஏழையா, நகரத்தில் இருக்கிறாரா பண்ணை வைத்திருக்கிறாரா என்ற மூன்றும் தெரிந்தால் அவர் வாக்கைப் பெருமளவு முன்கூட்டியே சொல்லிவிட முடிந்தது. உங்கள் ஊர் டீக்கடைக் கணக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்.

அதன்பின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நால்வர், ஆங்கஸ் கேம்பல், ஃபிலிப் கான்வர்ஸ், வாரன் மில்லர், டொனால்ட் ஸ்டோக்ஸ், 1960-ல் அமெரிக்க வாக்காளரைப் பற்றி ஒரு பெரிய நூல் கொண்டுவந்தார்கள். இன்றும் இந்தத் துறையில் நுழைகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். கட்சிப் பற்று என்பது சிந்தித்து எடுத்த முடிவாக இருப்பதைவிட, வீட்டில் பெற்றோரிடமிருந்து வருவது, மதத்தைப் போல ஒட்டிக்கொள்வது என்றார்கள். 1964-ல் கான்வர்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு கொள்கைக் கட்டுக்கோப்பு வைத்துக்கொண்டு எல்லாப் பிரச்சினைகளையும் அதன்படி எடைபோடும் அமெரிக்கர்கள் மிகச் சிறிய பங்கினரே என்று காட்டினார். இவர்களோடு மாறுபட்டவர்களும் உண்டு. வி.ஓ.கீ என்ற அறிஞர், ஆட்சி எப்படி நடந்தது என்று பார்த்து வாக்கை மாற்றிப் போடுகிறவர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள், வாக்காளரை மட்டமாக எடை போடாதீர்கள் என்று வாதிட்டார். நான் கீயின் பக்கம் சாய்கிறவன். ஆனால் அவரும் அமெரிக்கர்கள் தேர்தல் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வாக்களிக்கிறார்கள் என்று சொல்லவில்லை.

அங்கே இனம் நம் ஊர்ச் சாதியைப் போலவே கட்சிகளைப் பிரித்துப் போட்டிருக்கிறது. 1964-ல் லிண்டன் ஜான்சன் குடிமை உரிமைகள் சட்டத்தையும் அடுத்த வருடம் வாக்குரிமைச் சட்டத்தையும் கொண்டுவந்தார். அதுவரை தலைமுறை தலைமுறையாக ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த தென் மாநிலங்களின் வெள்ளையர்கள் மெல்ல மெல்லக் குடியரசுக் கட்சிக்குப் போனார்கள். கறுப்பின மக்களில் மிகப் பெரும்பான்மையினர் ஜனநாயகக் கட்சியோடு நிலைத்தார்கள். மகள் இருக்கும் டெக்சாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1976-ல் ஜிம்மி கார்ட்டர் வென்ற பிறகு அந்த மாநிலம் எந்த ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளருக்கும் கிடைத்ததில்லை. ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் ஒரு வாக்கு அதிகம் வாங்கியவருக்கே அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் அத்தனை பேரும் போவார்கள் என்பதால், 2024-ல் இரு கட்சிகளும் தங்கள் பணத்தையும் உழைப்பையும் ஊசலாடும் ஏழு மாநிலங்களில்தான் கொட்டின. 2016-ல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். 2000-ல் ஃப்ளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசம் அதிபர் யார் என்பதையே தீர்மானித்தது. நம் காட்டுமன்னார்கோயிலில் 2016 சட்டமன்றத் தேர்தலில் திருமாவளவன் 87 வாக்கில் தோற்றதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மக்கள் மனத்தை முடிவாக மாற்றித் தருகிற ஏற்பாடு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதம். அந்த ஏற்பாட்டின் கோணல்களை மக்கள் தலையில் கட்டக் கூடாது.

இதில் கடலூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்க அறிஞர்கள் நம் மாவட்டத்தையும் படித்திருக்கிறார்கள். லாயிட் ருடால்ஃப், சூசன் ருடால்ஃப் என்ற அமெரிக்கத் தம்பதி 1950-களில் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். சாதிச் சங்கங்கள் ஜனநாயகத்தைக் கெடுக்கின்றனவா, வளர்க்கின்றனவா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட முக்கியமான எடுத்துக்காட்டு வட ஆற்காடு, தென் ஆற்காடு வன்னியர்கள்.

கதை இதுதான். காங்கிரஸில் தங்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற மனக்குறையோடு கடலூரின் எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியார் 1951-ல் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். வட ஆற்காட்டுப் பக்கம் எம்.ஏ.மாணிக்கவேலு நாயக்கர் காமன்வீல் கட்சியை நடத்தினார். 1952 பொதுத்தேர்தலில் உழைப்பாளர் கட்சிக்குச் சட்டமன்றத்தில் 19 இடம், நாடாளுமன்றத்தில் 4 இடம். காமன்வீல் கட்சிக்குச் சட்டமன்றத்தில் 6 இடம். சென்னை மாகாணத்தில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிடைக்காத தேர்தல் அது. ராஜாஜி ஆட்சி அமைத்தபோது மாணிக்கவேலர் அமைச்சரானார். 1954-ல் காமராஜர் வந்தபோது படையாட்சியாரும் அமைச்சரானார், கட்சி காங்கிரஸில் கரைந்தது. உழைப்பாளர் கட்சியில் வென்ற ஏ.கோவிந்தசாமி பின்னாளில் திமுகவுக்குப் போய் 1967-ல் அண்ணாவின் அமைச்சரவையில் இருந்தார். 

ருடால்ஃப் தம்பதி இதைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. எழுத்தறிவும் சொத்தும் குறைந்த மக்கள், பிரதிநிதித்துவம் என்றால் என்ன, பேரம் என்றால் என்ன, ஓட்டுக்கு என்ன மதிப்பு என்பதையெல்லாம் சாதிச் சங்கம் வழியாகவே கற்றுக்கொண்டார்கள் என்று எழுதினார்கள். வன்னியர் கட்சிகளின் 1952 வெற்றி ஜனநாயகத்துக்குள் நுழைந்த ஒரு வழி என்பது அவர்கள் வாதம். நான் இதை முழுவதும் ஏற்பேன் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கதையில் தலித் மக்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற கேள்விக்கு அவர்கள் போதுமான இடம் தரவில்லை. ஆனாலும் ‘சாதி பார்த்துப் போடுகிறவனுக்கு அரசியல் தெரியாது’ என்ற பேச்சுக்கு அறுபது வருடங்களுக்கு முன்பே ஒரு நல்ல மறுப்பு, அதுவும் அமெரிக்கர்கள் கையால், எழுதப்பட்டாயிற்று.

சாதி பார்த்து வாக்களித்தல் என்று நாம் சொல்வதே எவ்வளவு சிக்கலானது என்பதற்குச் சிதம்பரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. இது தனித்தொகுதி. யார் நின்றாலும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். 1998-ல் இங்கே வென்றவர் பாமகவின் தலித் எழில்மலை. 1999-லும் 2004-லும் வென்றவர் பாமகவின் இ.பொன்னுசாமி. இருவரும் மத்திய இணை அமைச்சர்களாக இருந்தவர்கள். வன்னியர் இயக்கத்திலிருந்து பிறந்த கட்சி தலித் வேட்பாளர்களை நிறுத்தி, வன்னியர்கள் அவர்களுக்கு வாக்களித்து, மூன்று முறை தொடர்ந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1998-ல் பாமக அதிமுக அணியில் இருந்தது, 1999-ல் திமுகவும் பாஜகவும் இருந்த அணியில், 2004-ல் திமுகவும் காங்கிரஸும் இருந்த அணியில். மூன்று தேர்தல், மூன்று கூட்டணி, மூன்று வெற்றி. எழில்மலை பிறகு அதிமுகவுக்குப் போய் 2001-ல் திருச்சி இடைத்தேர்தலில் வென்றார். அது பொதுத்தொகுதி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ‘தன் சாதிக்காரனுக்கே போடுவான்’ என்ற சூத்திரத்தில் இவற்றை எங்கே பொருத்துவது? வேட்பாளரின் சாதியைவிட, அவரை நிறுத்திய கட்சி யாருடைய கட்சி என்பதே வாக்காளருக்குப் பெரிதாக இருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் அறிஞர்கள் சொன்ன கட்சிப் பற்றும் இதுதான்.

வன்னியர் வாக்கு ஒரே மூட்டையாக விழும் என்பதும் பாதி உண்மைதான். 1987 செப்டம்பரில் ஒரு வாரச் சாலை மறியல், 21 உயிர்கள், 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு இடஒதுக்கீடு, அதே வருடம் பாமகவின் தோற்றம் என்று வன்னியர் இயக்கத்தின் வரலாறு கனமானது. 1991-ல் பாமகவுக்குக் கிடைத்த ஒரே சட்டமன்ற இடம் நம் மாவட்டத்தின் பண்ருட்டி. பண்ருட்டி ராமச்சந்திரன் கட்சியின் அன்றைய சின்னமான யானை மீதே ஏறிச் சட்டமன்றத்துக்குப் போனார். ஆனால் 2006-ல் பாமகவின் கோட்டை என்று எல்லோரும் எழுதிய விருத்தாசலத்தில் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த விஜயகாந்த் பாமகவைத் தோற்கடித்தார். 2016-ல் தனித்து நின்ற பாமக மாநிலம் முழுக்க 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வாங்கியது, ஓரிடம்கூட இல்லை. வட மாவட்டங்களின் மக்கள்தொகை தெரிந்தவர்களுக்குப் புரியும், வன்னியர்களில் பெரும்பகுதியினர் அன்றும் உதயசூரியனுக்கும் இரட்டை இலைக்கும்தான் போட்டிருக்கிறார்கள்.

இன்னும் கூர்மையான சான்று 2021. பிப்ரவரி 26, தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அதே நாள், வன்னியர்களுக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியது. சட்டம் கொண்டுவந்த அதிமுகவும் கேட்டுப் பெற்ற பாமகவும் ஒரே அணியில் நின்றன. சாதிதான் எல்லாம் என்றால் கடலூர் மாவட்டத்தின் ஒன்பது இடங்களும் அவர்களுக்குப் போயிருக்க வேண்டும். கிடைத்தவை இரண்டு: புவனகிரி, சிதம்பரம். பாமக நெய்வேலியில் 977 வாக்கிலும் விருத்தாசலத்தில் 862 வாக்கிலும் தோற்றது. நேரடியாகப் பலன் தரும் ஒரு சட்டத்தை வாங்கிக்கொண்டும் மக்கள் வேறு காரணங்களையும் எடை போட்டார்கள். அந்தச் சட்டத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும், 2022 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ததும் பிறகு நடந்தவை.

சரி, அப்படியானால் நம்பிக்கை எங்கே இருக்கிறது? நீங்கள் அந்தச் சொல்லைத்தான் கேட்டிருந்தீர்கள். சிதம்பரத்தில் அதற்கு நீண்ட வேர் உண்டு. 1916-ல் சுவாமி சகஜானந்தர் இங்கே நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், சட்டமன்றத்திலும் இருந்தார். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரரான எல்.இளையபெருமாள் 1952-லேயே கடலூரிலிருந்து நாடாளுமன்றம் போனார். தீண்டாமையை ஆராய அமைக்கப்பட்ட அகில இந்தியக் குழுவுக்குத் தலைமை ஏற்று 1969-ல் அறிக்கை தந்தார். இந்த இருவரும் காங்கிரஸ்காரர்கள். இப்பகுதித் தலித் மக்கள் நெடுங்காலம் காங்கிரஸுக்கு வாக்களித்ததும், 1984, 1989, 1991 என வள்ளல்பெருமான் மூன்று முறை இங்கே வென்றதும் அந்த மரபின் தொடர்ச்சி. பிறகு திருமாவளவனின் விடுதலைச் சிறுத்தைகள் வந்தார்கள். தேர்தலே வேண்டாம் என்று புறக்கணித்து வந்த அந்த இயக்கம் 1999-ல் முதன்முறையாகத் தேர்தலில் இறங்கியபோது திருமாவளவன் நின்றது சிதம்பரத்தில்தான், மூப்பனாரின் தமாகா அணியில், சைக்கிள் சின்னத்தில். அந்தத் தேர்தலின் வாக்குப்பதிவை ஒட்டித் தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. தோற்றார். 2004-லும் தோற்றார். 2009-ல் வென்றார். புறக்கணிப்பிலிருந்து வாக்குச்சாவடிக்கு வந்து, அடிபட்டு, இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறையும் வரிசையில் நின்றவர்களுக்கு நம்பிக்கை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

2019-ல் திருமாவளவன் தனிச் சின்னமான பானையில் நின்றதையும் இதோடு சேர்க்க வேண்டும். அதே கட்சியின் து.ரவிக்குமார் விழுப்புரத்தில் உதயசூரியனில் நின்றபோது, சிதம்பரத்தில் மட்டும் சில வாரங்களே அவகாசம் உள்ள ஒரு புதுச் சின்னத்தை எடுத்தார்கள். பத்திரமான வழி அதுவல்ல என்று எல்லோருக்கும் தெரியும். தனிக் கட்சியாக எண்ணப்பட வேண்டும் என்ற ஆசைக்கு அவர்கள் கொடுக்கத் தயாராக இருந்த விலை அது. 2024-ல் இரு தொகுதிகளையும் பானையிலேயே வென்று மாநிலக் கட்சி அங்கீகாரம் பெற்றார்கள். மகள் சொல்கிற வரி, துப்பாக்கி போல இதைக் கொள்கைப் பட்டியலில் எழுத முடியாது. ஆனால் ‘என்னையும் ஒரு ஆளாக எண்ணு’ என்பதைவிட ஆழமான அரசியல் கொள்கை எனக்குத் தெரியவில்லை. 1952-ல் படையாட்சியாருக்கு வாக்களித்தவர்களும் இதையேதான் கேட்டார்கள்.

அமெரிக்காவிடம் நாம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அங்கே ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதை முதற்கட்டத் தேர்தலில் வாக்காளர்களே முடிவு செய்கிறார்கள். இங்கே திமுகவின் அறிவாலயத்திலும் அதிமுகவின் ராயப்பேட்டை அலுவலகத்திலும் முடிவாகிறது, தொகுதியில் உள்ள தொண்டர் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். வாக்களிப்பதில் அவர்கள்தான் நம்மிடம் கற்க வேண்டும். சிதம்பரத்தில் 2019-லும் 2024-லும் நூற்றுக்கு 75-க்கு மேல் வாக்களித்தார்கள். அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இல்லாத உச்சம் என்று 2020-ல் கொண்டாடப்பட்டது ஏறக்குறைய 66. அங்கே வசதியானவர்கள் அதிகம் வாக்களிக்கிறார்கள், இங்கே ஏழைகள் சளைக்காமல் வாக்களிக்கிறார்கள்.  

என்னை உண்மையாகவே உறுத்துவது வேறு. டீக்கடைக் கணக்கு பொய்ப்பதில்லை என்றீர்களே, அது ஏன் என்று யோசித்தீர்களா? வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணும் முறை இருந்தது. எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று வெளியே தெரியாது. இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு சாவடியின் எண்ணும் தனியே வருகிறது. படிவம் 20 என்ற பெயரில் தேர்தல் அலுவலகமே அதை வெளியிடுகிறது. ஊரும் காலனியும் தனித்தனியே பிரிந்து கிடக்கும் நம் பகுதியில், பல இடங்களில் ஒரு சாவடி என்றால் ஒரு தெரு, ஒரு சாதி. தனி மனிதரின் வாக்கு ரகசியம்தான். ஆனால் தெருவின் வாக்கு ரகசியமில்லை. 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளன்று இத்தொகுதிக்கு உட்பட்ட பொன்பரப்பியில் பானையை உடைத்ததில் எழுந்த தகராறு, தலித் குடியிருப்பின் வீடுகள் அடித்து நொறுக்கப்படுவதில் முடிந்தது. வாக்குகள் எண்ணப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே இது நடந்தது. எண்ணிய பிறகு எந்தத் தெரு எப்படிப் போட்டது என்பதும் கைக்குக் கிடைத்தால், குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் சாலையும் அந்தக் கணக்கைப் பார்த்து வரும், வராமலும் போகும். உங்கள் டீக்கடையில் கணக்குப் போடுகிறவர்களில் எத்தனை பேர் அதைப் பெருமைக்குச் சொல்கிறார்கள், எத்தனை பேர் பயத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அடுத்த முறை கவனியுங்கள்.

இதற்குத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. டோட்டலைசர் என்ற கருவி 14 சாவடிகளின் இயந்திரங்களை இணைத்து, மொத்த எண்ணிக்கையை மட்டும் காட்டும். தேர்தல் ஆணையம் இதை 2008-ல் பரிந்துரைத்தது. சட்ட ஆணையம் 2015-ல் தன் 255-வது அறிக்கையில் ஆதரித்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. சாவடி வாரியான கணக்கு தங்கள் பூத் கமிட்டியை வேலை வாங்க உதவுகிறது என்பது சில கட்சிகளின் எண்ணம். இது தேர்தல் மேடைகளில் பேசுபொருளாவதே அரிது. சாதி பார்த்து வாக்களிப்பதை ஒழிக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். தன் தெருவின் கணக்கு வெளியே தெரியாது என்ற துணிவு வந்தால்தான் ஒருவர் தன் தெருவுக்கு மாறாகவும் வாக்களிப்பார்.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் 2019, 2024 தேர்தல்களின் படிவம் 20-ஐ எடுத்து, உங்கள் சாவடியையும் பக்கத்துச் சாவடிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் தெருவைப் பற்றி வெளியாள் ஒருவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்பது அப்போது புரியும். அடுத்த தேர்தலில் கைகூப்பிக்கொண்டு வாசலுக்கு வரும் வேட்பாளர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், எந்தச் சாதிக்காரராக இருந்தாலும், சாவடிகளைக் கலந்து எண்ணும் முறைக்கு உங்கள் கட்சி சம்மதமா என்று கேளுங்கள். பதில் சொல்லும்வரை விடாதீர்கள்.